விளம்பரமும் இடனறிதலும்

திருவள்ளுவர் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை ஒன்றையடுத்து ஒன்றாக நிறுத்தினார். அவை முறையே 48, 49, 50 ஆம் அதிகாரங்கள். ஒருவன் வலியை அளந்தான், காலத்தையும் பார்த்தான், ஆயினும் இடம் அறியாதான் எனின், முன்னை இரண்டும் அவனுக்குப் பயன்படா. முதலையும் யானையும் தேரும் நாவாயும் இடனறிதலில் வந்து நிற்பது இவ்வுண்மையை விளக்குதற்பொருட்டேயாம். ஒரு பொருளின் ஆற்றலிற் பாதி அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது.

அவ்வதிகாரம் அரசனை நோக்கி எழுந்தது. இக்காலத்தில் அதனை மிகவும் வேண்டி நிற்பவர் வணிகர். அவருள்ளும், கைத்தொலைபேசி வழியாகத் தம் பொருளை ஊரறியச் செய்யப் புகுந்தவர். முகநூல், இன்ஸ்டாகிராம் முதலிய சமூக ஊடகங்களில் ஒருவர் விளம்பரம் கொடுக்க முற்படும்போது, அவ்வூடகம் அவர்முன் வைக்கும் வினாக்களுள் ஒன்று, 'உமது விளம்பரத்தை எவ்விடத்தில் வைப்போம்?' என்பது. பலர் அவ்வினாவை வாசியாமலே கடந்து செல்கின்றனர். அஃது அவ்வாறு கடக்கத்தக்கதன்று. எங்கே வைப்பது என்னும் ஒரு வினாவினுள்ளே, யாரிடம் பேசுகின்றோம், அவர் எந்நிலையில் இருக்கும்போது பேசுகின்றோம், பேசுமாறு அவர் நம்மை அழைத்தாரா என்னும் மூன்று வினாக்கள் அடங்கியுள்ளன.

வணிகர்க்குரிய இப்பொருளை இலக்கியப் பக்கத்தில் எழுதுவது எதற்கு எனச் சிலர் வினவலாம். சொல்லை எவ்விடத்தில் வைப்பது என்பது புலவரின் பழைய கவலை. அன்றியும், நம் மாணவர் நாடோறும் கண்ணோட்டும் எழுத்திற் பெரும்பகுதி இன்று இச்சிறு திரையிலேயே உள்ளது. அத்திரையில் எது எவ்விடத்தில் எதன்பொருட்டு வைக்கப்பட்டது என அறிதலும் வாசிப்பின் ஒரு கூறேயாம்.

கொடியும் முரசும்

பண்டைத் தமிழ் நகரங்களில் இருவகை விளம்பரம் இருந்தமை இலக்கியங்களால் அறியப்படும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக் கொடிகளை வகைப்படுத்திக் காட்டுகின்றது. தெய்வத்துக்குரிய கொடி, வாது செய்ய வந்த ஆசிரியர் எடுத்த கொடி, துறையில் நின்ற நாவாயின் கொடி, கள் விற்போர் மனையிற் கட்டிய கொடி என அவை பலவாம். கொடி தன் இடத்தை விட்டுப் பெயராது. வேண்டுவோன் அதனைத் தேடி வருவான். வேண்டாதோன் நிமிர்ந்து பாராமலே போய்விடுவான்.

மணிமேகலையின் விழாவறை காதையில் மற்றொரு வகையைக் காண்கின்றோம். அங்கே முரசறைவோன் முரசினை யானையின் பிடரில் ஏற்றி, இந்திரவிழா வருதலை நகரத்தார்க்கு அறிவிக்கின்றான். முரசு மக்களைத் தேடிச் செல்லும். உண்பவன் செவியிலும் உறங்குபவன் செவியிலும் அது ஒருங்கே விழும்.

இணையத்திலும் இவ்விரண்டும் உள. 'பழைய தையல் இயந்திரம்' என ஒருவர் தேடுபொறியில் எழுத, விடைகளின் மேலே தோன்றும் விளம்பரம் கொடியின் இனத்தது. அவர் வேண்டி வந்தார், கொடி வழிகாட்டிற்று. நண்பனுடைய திருமணப் படங்களைக் காணச் சமூக ஊடகத்துக்கு வந்தவர்முன் அதே இயந்திரத்தின் விளம்பரம் தோன்றுமாயின், அது முரசின் இனத்தது. அவர் வேறொன்றின்பொருட்டு வந்திருந்தார்.

கொடி நடுவோனுக்கு இல்லாத ஒரு கடமை முரசறைவோனுக்கு உண்டு. அழையாத வீட்டிற் புகுவோன், எவ்வாயிலாற் புகுவது, எப்பொழுது புகுவது, எத்துணை நேரம் நிற்பது என்பவற்றை எண்ணியே புகுதல் வேண்டும். விளம்பரத்துக்கு இடந்தெரிதல் என்பது இவ்வெண்ணத்தின் தொழிற்பெயர்.

ஓரம் அழிந்த கதை

அச்சுத்தாளில் விளம்பரத்துக்கு இடம் வெளிப்படையாக இருந்தது. இலண்டன் 'ரைம்ஸ்' நாளிதழ் தன் முதற்பக்கத்திற் செய்தியை இட்டது 1966 மே 3ஆம் நாளிலேதான். அதற்குமுன் அப்பக்கம் சிறு விளம்பரங்களுக்கே உரியதாயிருந்தது. சென்னையில் 'இந்து' நாளிதழும் 1958 வரை அவ்வழக்கையே போற்றியது. வாசகர் அனைவரும் ஒரே இடத்தில் ஒரே விளம்பரத்தைக் கண்டனர். வேண்டாதவர் அப்பக்கத்தைத் திருப்பிவிட்டுச் செய்திக்குச் சென்றனர்.

கணினித் திரையிலும் தொடக்கத்தில் இவ்வொழுங்கு ஒருவாறு நிலைத்தது. முகநூல் 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றியது. அதன் பக்கத்தில் நடுவே நண்பர் செய்தியும் வலப்புறப் பத்தியில் வணிகர் செய்தியும் அமைந்தன. ஏட்டில் ஓரம் விட்டு எழுதுவது போன்ற அமைப்பு அது. கைத்தொலைபேசி வந்து அதனைக் குலைத்தது. உள்ளங்கை அகலமுள்ள திரையில் ஓரம் என ஒன்று இல்லை.

ஓரமின்மையால் அக்கம்பனி பட்ட இடர் சிறிதன்று. 2012 பெப்ரவரியில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க விண்ணப்பித்தபோது, முந்திய டிசம்பரில் 42 கோடியே 50 இலட்சம் பேர் கைத்தொலைபேசி வழியாக முகநூலைப் பயன்படுத்தினர் என அது தெரிவித்தது. அப்பயன்பாட்டினால் நேரடியாகக் குறிப்பிடத்தக்க வருவாய் எதுவும் வரவில்லை என்பதையும் அவ்விண்ணப்பத்திலேயே ஒத்துக்கொண்டது. மே 18ஆம் நாள் 38 டொலருக்கு விற்கப்பட்ட பங்கு, செப்டெம்பர் தொடக்கத்தில் 18 டொலருக்குங் கீழே இறங்கியது. கூட்டம் கைத்தொலைபேசிக்குப் போய்விட்டது. கடை போடும் இடமோ கணினியில் நின்றுவிட்டது என முதலீட்டாளர் அஞ்சியமை அவ்வீழ்ச்சிக்கு ஒரு முக்கிய காரணமாம்.

அவ்வாண்டிலேயே கம்பனி ஒரு வழி கண்டது. ஓரத்தில் இருந்த விளம்பரத்தை எடுத்து, நண்பர் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும் செய்தியோடையின் நடுவிலே வைத்தது. பயன் விரைவில் தெரிந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அதன் விளம்பர வருவாயில் 53 வீதம் கைத்தொலைபேசியிலிருந்து வந்தது. 2018 இறுதியில் அது 90 வீதத்தைக் கடந்துவிட்டது.

பதிப்பாசிரியர் மொழியிற் கூறுவதாயின், இஃது இடைச்செருகல். சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பெரியோர் ஏடுகளை ஒப்புநோக்கி மூலம் எது, பின்னர்ப் புகுந்தது எது எனப் பிரித்தறிய வருந்தினர். ஓரத்தில் எழுதிய குறிப்பு படியெடுப்போன் கையால் மூலத்துட் புகுந்துவிடுதல் ஏட்டுலகில் அறியாமையால் நேர்ந்தது. திரையுலகில் அது கருதியே செய்யப்பட்டது. அனுசரணை பெற்றது எனப் பொருள்படும் ஒரு சிறு சொல் மட்டும் அதன் தலையில் மங்கலாக நிற்கும். விரலாற் தள்ளிக்கொண்டு செல்பவன் கண்ணில் அச்சொல் படுவது அரிது.

இடங்களும் அவற்றின் இயல்பும்

இன்ஸ்டாகிராம் 2012ஆம் ஆண்டில் முகநூற் கம்பனியின் உடைமையாயிற்று. அக்கம்பனி 2021 ஒக்டோபரில் மெட்டா எனப் பெயர் பூண்டது. இவ்விரு ஊடகங்களிலும் கைத்தொலைபேசிக்காரர்முன் விளம்பரம் வைக்கத்தக்க இடங்கள் பல. அவற்றுள் தலையாயவற்றை நோக்குவாம்.

முதலாவது செய்தியோடை. இங்கே படிப்பவன் கையில் வேகம் உண்டு. ஆயினும் அவன் விரும்பினால் நின்று படிப்பான். படத்தின் மேலும் கீழும் சொல்லுக்கு இடமுண்டு. பிறர் கூறிய கருத்துகளையும் காணலாம். ஆதலால், விளக்கம் வேண்டும் பொருளுக்கு இவ்விடம் ஏற்றது. படம் சதுரமாகவோ, அகலம் நான்குக்கு உயரம் ஐந்தாகவோ அமைவது நன்று. கணினிக்கெனக் கிடையாகச் செய்த படத்தை இங்கே இட்டால், திரையில் ஒரு கீற்றளவே தெரியும்.

இரண்டாவது ஸ்டோரி என வழங்குவது. இன்ஸ்டாகிராம் இதனை 2016 ஓகஸ்டில் தொடங்கியது. இட்ட படம் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அது திரை முழுவதையும் நிறைக்கும். அகலம் ஒன்பதுக்கு உயரம் பதினாறு. பார்ப்பவன் பெருவிரலாற் தட்டித் தட்டிக் கடந்து செல்வான். ஓரிரு நொடியில் உணர்த்தத்தக்க ஒன்றே இங்கு நிற்கும். மேலே ஏறக்குறைய 14 வீதமும் கீழே 20 வீதமும் எழுத்தின்றி விடுக எனக் கம்பனியே அறிவுறுத்துகின்றது. அவ்விடங்களைப் பெயரும் பொத்தானும் மறைத்துவிடும். கடைப் பெயரை அடியில் எழுதிவிட்டு, யாரும் கடைக்கு வரவில்லையே என வருந்துபவர் பலர்.

மூன்றாவது ரீல்ஸ். 2020இல் வந்தது. இதுவும் நெடுந்திரையே. முன்னைய இரண்டிலும் பலர் ஒலியை அடக்கிவைத்தே பார்ப்பர். இங்கோ ஒலியும் இசையுமே முன் நிற்கும். கீழே 35 வீதம் வரை விட்டு வைத்தல் வேண்டும். இங்கு வருபவன் முன்பின் அறியாதவர் ஆக்கங்களை வேடிக்கை பார்க்க வருகின்றான். ஆகவே புதியவர் அறிமுகமாவதற்கு இஃது ஏற்ற இடம். ஆனால் வேடிக்கை மனத்தோடு இருப்பவன் கணக்குப் பார்த்து வாங்கும் மனத்தோடு இரான்.

நான்காவது, நெடிய காணொளியின் இடையிலே புகுந்து நிற்கும் விளம்பரம். கதாப்பிரசங்கத்தின் நடுவே பாட்டுப் புத்தகம் விற்க எழுந்தவன் நிலையை இஃது ஒக்கும். கேட்போர் எழுந்து போகார், மகிழ்ந்தும் இரார்.

ஐந்தாவது, 2014இல் ஏற்பட்ட வலையமைப்பு வழியாக, பிறருடைய செயலிகளிலும் விளையாட்டுகளிலும் தோன்றும் விளம்பரம். விலை பெரும்பாலும் மலிவு. மலிவுக்குக் காரணமும் உண்டு. விளையாடும் சிறுவனின் விரல் தவறி அதன்மேற் படுவது அடிக்கடி நேரும். அவ்வாறு தட்டி, இரண்டு நொடிக்குள் திரும்பிவிடுவோர் தவறித் தட்டியவரே எனக் கண்டு, 2017 ஓகஸ்டில் கம்பனி அத்தகைய தட்டல்களைக் கணக்கிலிருந்து நீக்க முன்வந்தது. விலை மலிந்த இடமெல்லாம் வாய்ப்பான இடம் ஆகாது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

ஒரு பெட்டி விற்ற கணக்கு

இயல்பு கூறினாற் போதாது. பொருத்திப் பார்த்தல் வேண்டும். பருத்தித்துறையில் பனையோலைப் பெட்டியும் கடகமும் சுளகும் இழைத்து விற்கும் அம்மையார் ஒருவரைக் கருதுவோம். அவர் கையில் விளம்பரத்துக்கென ஐயாயிரம் ரூபா உண்டு. கொழும்பில் உள்ளவர் தம் பெட்டியை வாங்குதல் வேண்டும் என்பது அவர் விருப்பம்.

அவர் காட்டவேண்டியன இரண்டு. ஓலை பெட்டியாகும் கைவேலை ஒன்று. பெட்டியின் அளவு, விலை, அனுப்பும் முறை என்பன மற்றொன்று. முன்னது கண்ணுக்குரியது, பின்னது கருத்துக்குரியது. விரல்கள் ஓலையை மடித்து முடையும் காட்சி நெடுந்திரையில் அரை நிமிடம் ஓடுமாயின், வேடிக்கை பார்ப்பவன் விரலும் சற்று நிற்கும். அஃது ரீல்ஸுக்கு ஏற்றது. அங்கே விலைப்பட்டியலை இடுவது வீண். விலையும் அளவும் செய்தியோடைக்கு ஏற்றன. முடையும் காட்சியை முன்னர்க் கண்டு நின்றவர்களுக்கே பின்னர் விலையைக் காட்டும் வசதியும் உண்டு. காட்சி அறிமுகம் செய்யும். சொல் பேரம் முடிக்கும். விளையாட்டுச் செயலிகளில் அவர் பணத்தைச் செலவிடுதல் ஓடும் நீரில் எழுதுவதாம்.

கைத்தொலைபேசிக்காரரின் மற்றொரு நிலையையும் அவர் மறத்தலாகாது. நம் நாட்டிற் பலர் முற்பணம் செலுத்திச் சிறிது சிறிதாகத் தரவு வாங்குகின்றனர். கனத்த காணொளி, இணைப்புத் தளர்ந்த ஊரிற் சுழன்றுகொண்டே நிற்கும்; பார்ப்பவன் கடந்துவிடுவான். தட்டியபின் திறக்கும் பக்கமும் எளிதிற் திறத்தல் வேண்டும். வாயிலை அலங்கரித்துவிட்டு வீட்டைப் பூட்டி வைப்பதனாற் பயனில்லை.

தமிழில் எழுதுவோருக்கு வேறொரு நுட்பமும் உண்டு. செய்தியோடையில் விளம்பரச் சொற்கள் ஏறக்குறைய 125 எழுத்துக்குள் அமைதல் நன்று என்பது நெடுநாளைய அறிவுரை. மிகுந்தவை மடிக்கப்பட்டு மறையும். ஆனால் கணினி எண்ணும் எழுத்து வேறு. தொல்காப்பியர் எண்ணும் எழுத்து வேறு. 'விளம்பரம்' என்னும் சொல் நமக்கு ஆறெழுத்து. கணினிக் குறியீட்டிலோ இகரக் குறியும் இரு புள்ளிகளும் தனித்தனி எண்ணப்பட, அஃது ஒன்பது. ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைக்கொண்டு தமிழை நீட்டினால், வினைமுற்று வருமுன்னரே வாக்கியம் வெட்டுண்ணும். நம் மொழியிற் பயனிலை பெரும்பாலும் இறுதியில் நிற்பது. ஆகவே, சிறு வாக்கியமாக எழுதுதலும், சொல்லவேண்டியதை முதலிற் சொல்லுதலும் இங்கே இலக்கணமாகின்றன.

இயந்திரம் தெரியும் இடம்

இத்துணை ஆராய்ச்சி எதற்கு, இடத்தை இயந்திரமே தெரிந்துகொள்ளும்படி விட்டுவிடலாமே எனச் சிலர் கூறுவர். அவ்வாறு விடும் வழி உண்டு. கம்பனி அதனையே பெரிதும் பரிந்துரைக்கின்றது. அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆதலால் அதனை நடுநிலையோடு ஆராய்தல் வேண்டும்.

ஒவ்வொரு முறை ஒருவர் திரையில் ஓர் இடம் திறக்கும்போதும், அங்கே கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடைபெறுகின்றது. அவ்வேலத்தில் வெல்வோன் மிகுந்த பணம் கூறியவனே என்பதில்லை. கூறிய விலை, பார்ப்பவர் வேண்டிய செயலைச் செய்வார் என இயந்திரம் மதிக்கும் வாய்ப்பு, விளம்பரத்தின் தரம் என்னும் மூன்றும் சேர்த்து எண்ணப்படும். கோடிக்கணக்கான ஏலங்களை மனிதன் எண்ணிப் பார்த்தல் இயலாது. இயந்திரம் எண்ணும்.

அன்றியும், மனிதன் கணக்கில் ஒரு மயக்கம் உண்டு. ஓர் உதாரணம் கூறுவாம். ஸ்டோரியில் ஒரு வாடிக்கையாளரைப் பெற முதல்நாள் 100 ரூபாவும், செய்தியோடையிற் பெற 150 ரூபாவும் செல்கின்றன என்க. இயந்திரம் முதலில் ஸ்டோரியை நாடும். எளிதில் வரக்கூடியவர் வந்து முடிந்தபின், அங்கே அடுத்தவரைப் பெற 180 ரூபா வேண்டியதாகும். உடனே அது செய்தியோடைக்கு மாறும். இறுதியில் கணக்கைப் பார்க்கும் வணிகர், 'ஸ்டோரியின் சராசரி 130, செய்தியோடை 150, ஏன் விலைகூடிய இடத்துக்குச் சென்றது?' எனச் சினந்து செய்தியோடையை நிறுத்துவார். நிறுத்தியபின் ஸ்டோரியில் ஒவ்வொருவருக்கும் 180 கொடுப்பார். சராசரி கடந்ததைக் கூறும். அடுத்த அடியின் விலையைக் கூறாது.

சிறு தொகையைப் பல கூறாகப் பிரித்து ஒவ்வோரிடத்துக்கும் சிறிது சிறிதாக ஒதுக்குதலும் தவறு. ஒரு விளம்பரத் தொகுதி வாரத்திற்கு ஏறக்குறைய 50 பயன்களைப் பெற்றாலன்றி இயந்திரத்தின் கற்றல் நிறைவுறாது என்பது கம்பனியின் விளக்கம். ஐயாயிரம் ரூபாவை ஐந்தாகக் கூறிட்டால், ஐந்து மாணவரும் அரிவரி வகுப்பிலேயே நின்றுவிடுவர்.

ஆயின், இயந்திரத்திடமே விட்டு அமையலாமோ எனின், அமையலாகாது. இயந்திரம் தேடுவது, நாம் பயன் எனக் குறித்ததை எவ்விடத்தில் மலிவாகப் பெறலாம் என்பதையே. தட்டலைப் பயன் எனக் குறித்தால், தட்டுவோர் மிகுந்த இடத்துக்குச் செல்லும். அவர் வாங்குவோரா என வினவாது. எண்ணுவதிலும் பிழை நேரும். 2016 செப்டெம்பரில், காணொளியைச் சராசரியாக எத்துணை நேரம் பார்த்தனர் என்னும் தன் கணக்கு மிகையானது என முகநூல் ஒத்துக்கொண்டது. மூன்று நொடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை நீக்கிவிட்டு, எஞ்சியவரைக் கொண்டே அச்சராசரி இரண்டு ஆண்டுகளாகக் கணிக்கப்பட்டு வந்தது. பரீட்சையிற் தேறாத மாணவரை நீக்கிவிட்டு வகுப்பின் சராசரியைக் கூறிய ஆசிரியரை நாம் என்னென்போம்?

இடத்தின் தகுதி

மலிவும் பயனும் கடந்த மற்றொன்று உண்டு. அதுவே இக்கட்டுரையின் கருத்து. இடத்துக்குத் தகுதி என ஒன்று உண்டு.

2017 மார்ச்சில் இலண்டன் 'ரைம்ஸ்' ஒரு செய்தியை வெளிக்கொணர்ந்தது. யூடியூபில் வன்முறைத் தீவிரவாதிகளின் காணொளிகளோடு பெயர்பெற்ற கம்பனிகளின் விளம்பரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. பிரித்தானிய அரசு உட்படப் பலர் தம் விளம்பரங்களை நிறுத்தினர். அவ்விடத்தை அவர்களுள் யாரும் விரும்பித் தெரிந்ததில்லை. தெரியும் தொழிலைப் பிறரிடம் விட்டிருந்தனர். ஆயினும் பெயர் கெட்டது அவர்களுக்கே. பாலைக் கள்ளுக்கடையில் வைத்து விற்றவன், 'இடத்தைத் தெரிந்தவன் என் ஆள்' எனக் கூறித் தப்புதல் எங்ஙனம்?

இதனினும் ஆழமானது ஒன்றுண்டு. செய்தித்தாளில் இடம் என்பது தாளின் ஒரு பகுதி. கைத்தொலைபேசியிலோ ஒரே இடம் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பொருளைக் காட்டும். யாருக்கு எது காட்டப்படும் என்பது அவர் முன்னர் எதைப் பார்த்தார், எங்கே நின்றார், எதனை விரும்பினார் என்பதனால் வரையறுக்கப்படுகின்றது. உண்மையில் விலைபோகும் இடம் படிப்பவனுடைய உள்ளத்தின் ஒரு கணமே. திரை அதற்கு வாயில் மட்டும்.

உலகம் இதனை மெல்ல மெல்ல உணர்ந்து வருகின்றது. 2021 ஏப்ரலில் அப்பிள் கம்பனி தன் தொலைபேசிகளில், ஒரு செயலி பிற செயலிகளிலும் உம்மைப் பின்தொடரலாமா என உரியவரையே கேட்கச் செய்தது. பலர் வேண்டா என்றனர். அதனால் 2022ஆம் ஆண்டில் ஏறக்குறைய 1000 கோடி டொலர் வருவாய் இழக்க நேரும் என மெட்டா கணித்தது. ஒரு சிறு வினாவின் விலை அத்துணை! 2022 ஜனவரியில், சமயம், அரசியற் சார்பு, உடல்நலம் முதலியவற்றை ஒட்டி மக்களை வகைப்படுத்தி விளம்பரம் செய்யும் பல தெரிவுகளை மெட்டா தானே நீக்கியது. 2024 பெப்ரவரி முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், வயது வராதோரின் தனித்தரவைக் கொண்டு அவர்க்கென விளம்பரம் தெரிந்து காட்டுதலை இணையத் தளங்களுக்குத் தடுத்தது.

சட்டம் செய்யும் பணி அவ்வளவே. எஞ்சியது விளம்பரம் செய்வோன் மனத்தைப் பொறுத்தது. நள்ளிரவில் உறக்கமின்றித் திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவன்முன் வட்டிக்கடன் விளம்பரம் வைத்தால், அது மலிவாகவும் பயனுள்ளதாகவும் முடியலாம். எழுத்துகள் திரையின் அளவுக்குப் பொருந்தியிருக்கலாம். இயந்திரம் அதனை மெச்சலாம். அது தக்க இடமா என்னும் வினாவை எந்த இயந்திரமும் கேளாது. அதனைக் கேட்பவன் மனிதன். கேளாதொழிவானாயின், இடம் தெரிந்தானேயன்றி இடன் அறிந்தான் ஆகான்.

ஆகவே, கைத்தொலைபேசியில் விளம்பரம் செய்யப் புகும் நம்மவர் இம்முறையைக் கைக்கொள்வாராக. பொருளின் இயல்பை நோக்கி, அது கண்ணுக்குரியதா கருத்துக்குரியதா எனத் துணிக. அதற்கேற்ற இடங்கள் சிலவற்றை வரைந்துகொள்க. அவ்வெல்லைக்குள் எண்ணும் தொழிலை இயந்திரத்துக்கு விடுக. தட்டலை எண்ணாது, வந்து வாங்கியவரை எண்ணுக. இறுதியாக, அவ்விடத்தில் அக்கணத்தில் நம் வீட்டுப் பிள்ளையோ தாயோ இருப்பின், அவர்முன் இதனை வைக்க நாம் உடன்படுவோமா என வினவுக.

மாணவர்க்கும் ஒரு சொல். செய்யுளைப் படிக்கும்போது இது மூலம், இஃது உரை, இஃது இடைச்செருகல் எனப் பிரித்தறியப் பழக்குகின்றோம். அப்பழக்கத்தைக் கையிலுள்ள திரைக்கும் கொண்டு செல்க. ஒன்று கண்முன் வந்து நின்றால், இதனை யார், இவ்விடத்தில், என்முன், இப்பொழுது வைத்தார் என ஒருமுறை நின்று கேட்க. அவ்வாறு கேட்கக் கற்றவனுடைய உள்ளம் எளிதில் விலைபோகும் இடமாகாது.